பதற்றம் வேறு, பேரதிர்ச்சியின் காயம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பதற்ற நோய்களைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மனநோய் என்றாலே குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. அந்நிலையில், நீரிழிவைப் பற்றியும் இரத்தக்கொதிப்பைப் பற்றியும் எழுதுவதைப் போலவே இதையும் வெளிப்படையாக எழுதியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அக்கட்டுரை பொதுப் பதற்றம், பீதி நோய், சமூக அச்சம், குறிப்பிட்ட ஒன்றின் மீதான அச்சம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றையும் அதே வரிசையில் சேர்த்து, ஐந்துக்கும் பொதுவான அறிவுரையாக மூச்சுப் பயிற்சி, நல்ல தூக்கம், வேண்டாத எண்ணங்களைத் தவிர்த்தல் என்று முடித்திருந்தது. மருத்துவர்கள் பிடிஎஸ்டி என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த ஐந்தாவது நோய்க்கு, எண்ணங்களைத் தவிர்ப்பது மருந்தல்ல. தவிர்ப்பதே அந்நோயின் அறிகுறிகளில் ஒன்று. இதைத் தெளிவுபடுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்லள். 14 ஆண்டுகளாகப் பொதுப் பதற்றக் கோளாற்றுக்குச் சிகிச்சை பெற்றுவருபவள். பேருந்து விபத்து ஒன்றில் உயிர்பிழைத்து, பிறகு பிடிஎஸ்டியால் அவதிப்பட்ட ஒருவனுக்கு அக்கா. இரண்டு நோய்களையும் ஒரே வீட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். விபத்துக்குப் பின் தம்பியை நாங்கள் முதலில் அழைத்துச்சென்ற இடத்தில், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு இருக்கிறது என்றேன். அத்துடன் விசாரணை முடிந்துவிட்டது. எனக்குத் தரும் மாத்திரைகளையே ஏறக்குறைய அவனுக்கும் எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பேருந்துக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மனம் நொந்துவிடுவானோ என்று நாங்களும் வாய் திறக்கவில்லை. ஏறத்தாழ 2 ஆண்டுகள் அப்படியே போயின. அவனுடைய சம்மதத்தோடுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

கட்டுரையாசிரியரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில்தான் இந்நோய் இப்பெயருடன் முதன்முதலாக இடம்பெற்றது. அப்போது அதைப் பதற்ற நோய்களின் அத்தியாயத்திலேயே வைத்தார்கள். 33 ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை அங்கிருந்து எடுத்து, பேரதிர்ச்சியாலும் நெருக்கடியாலும் விளையும் கோளாறுகள் என்ற புதிய அத்தியாயத்தில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனமோ தன் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பிலேயே கடும் நெருக்கடியின் விளைவுகள் என்று இதைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துவைத்திருந்தது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பதினோராம் பதிப்பிலும் இதற்குத் தனித் தொகுதிதான். பழைய புத்தகங்களில் படித்தவர்களுக்குப் பழைய வரிசையே நினைவில் நிற்பது இயல்பு. ஆயினும் அத்தியாயம் மாற்றப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது, அக்காரணம் நோயாளிக்கு மிகவும் தேவையானது.

முதல் வேறுபாடு காலத்தைப் பற்றியது. என் நோய் ‘ஒருவேளை’ என்ற சொல்லில் தொடங்கும். மகள் கைப்பேசியை எடுக்காவிட்டால், ஒருவேளை வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ. அவள் எடுத்துப் பேசிவிட்டால், அலுவலகத்தில் நேற்று அனுப்பிய கணக்கில் ஒருவேளை பிழை இருக்குமோ. அதைச் சரிபார்த்து முடித்தால், நெஞ்சில் குத்துகிறதே, ஒருவேளை இதயத்தில் ஏதாவதோ. ஒரு கவலை எழுந்து போன நாற்காலியில் அடுத்தது வந்து உட்காரும். தோள் இறுகிக் கிடக்கும், இரவு தூக்கம் பிடிக்காது, எதிலும் மனம் நிலைக்காது. இப்படி 6 மாதங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாள்களில் இருந்தால் அதைப் பொதுப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். இதில் நான் அஞ்சும் எதுவும் இன்னும் நடக்கவில்லை. வராத ஒன்றை எதிர்பார்த்துக் களைத்துப்போகும் நோய் என்னுடையது.

தம்பிக்கு நடந்துவிட்டது. ஒரு நாள் காலை அவன் கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் குக்கரின் ஆவி சீறியது. நான் திரும்பிப் பார்க்கையில், அவன் தனக்கு முன்னால் கிடந்த நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, குதிகால்களைத் தரையில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் பக்கம் பார்த்தான், ஆனால் அவன் பார்த்தது என்னை அல்ல. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கைகளைத் தளர்த்தி, விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டு, “பிரேக் சத்தம், அக்கா” என்றான். பேருந்து கவிழ்வதற்கு முன்னால் கடைசியாகச் சீறிய காற்றுப் பிரேக்கின் ஓசையை அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த இருக்கையில் மறுபடியும் இருந்தான். பதற்றம் உள்ள எனக்குக் குக்கர் சத்தம் கேட்டால், அடுப்பை அணைத்தோமா என்ற கவலை வரும். அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வரையறையும் இதையே மையமாக வைக்கிறது. கடந்துபோன நிகழ்ச்சியை இப்போது நிகழ்வதாகவே திரும்ப அனுபவிப்பது, அதை நினைவூட்டும் எண்ணங்களையும் இடங்களையும் ஆள்களையும் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்ற ஓயாத உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து சில வாரங்களாவது நீடித்து, அன்றாட வாழ்வைக் கெடுக்க வேண்டும் என்கிறது அது. இந்த ஓயாத ஆபத்துணர்வு எப்படி உண்டாகிறது என்பதற்கு ஆன்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் ஆகிய இரு உளவியலாளர்கள் 2000இல் ஒரு விளக்கம் தந்தார்கள். மற்ற நினைவுகளுக்கு நாளும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும், அதனால் அவை கடந்தவையாகவே தோன்றும். பேரதிர்ச்சியின் நினைவு அப்படி வாழ்க்கைக் கதைக்குள் சரியாகக் கோக்கப்படாமல் துண்டு துண்டாகக் கிடப்பதால், ஒரு மணமோ ஓசையோ பட்டவுடன் காலக்குறிப்பு இல்லாமலேயே எழுந்து நிற்கிறது என்பது அதன் சாரம். தம்பி இதை இன்னும் எளிமையாகச் சொன்னான். இக்கடிதத்தின் முதல் வரைவில், அவனால் விபத்தை மறக்க முடியவில்லை என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “மறக்க முடியவில்லை என்று எழுதாதே அக்கா, அது முடியவே இல்லை என்று எழுது” என்றான்.

இரண்டாவது வேறுபாடு தொடக்கத்தைப் பற்றியது. என் பதற்றம் எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பதற்ற நோய்கள் எவற்றிற்கும் அப்படி ஒரு நிகழ்ச்சி கட்டாயம் அல்ல. பிடிஎஸ்டிக்கு அது கட்டாயம். உயிர் போகும் நிலை, கடுமையான காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்றைத் தானே அனுபவித்திருக்க வேண்டும், அல்லது நேரில் கண்டிருக்க வேண்டும், அல்லது நெருங்கிய ஒருவருக்கு வன்முறையாலோ விபத்தாலோ அது நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும், அல்லது மீட்புப் பணியாளர்களைப் போலத் தொழில் காரணமாக அதன் கோரமான விவரங்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு. தொழில் தொடர்பு இல்லாமல் தொலைக்காட்சியில் பார்த்தது இக்கணக்கில் சேராது என்றும் சொல்கிறது. தேர்வில் தோற்றது, வேலை போனது, காதல் முறிந்தது ஆகியவை மனத்தை ஆழமாக நோகடிக்கலாம், அவற்றிற்கும் உதவி தேவைப்படலாம், ஆனால் இந்நோயின் பெயர் அவற்றிற்குப் பொருந்தாது.

நிகழ்ச்சி ஒன்று இருந்துவிட்டால் மட்டும் பிடிஎஸ்டி ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நாய் கடித்தபின் நாயைக் கண்டாலே நடுங்குகிறவருக்கு இருப்பது பெரும்பாலும் நாய் மீதான அச்சமே. நாய் இல்லாத அறையில் அவர் நிம்மதியாக இருப்பார், கடிபட்ட நொடி நள்ளிரவில் அவரைத் தேடி வராது. பீதி நோய் உள்ளவருக்கோ, ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போகும் தாக்கம் வருகிறது; அவர் அஞ்சுவது தன் உடம்பையும் அடுத்த தாக்கத்தையும்தான். சமூக அச்சம் உள்ளவர் அஞ்சுவது பிறர் கண்ணை. தம்பிக்கும் நெஞ்சு படபடத்தது, வியர்த்தது, தூக்கம் கெட்டது, ஆள் கூட்டத்தைத் தவிர்த்தான். அறிகுறிகளை மட்டும் எழுதிப் பார்த்தால் நான்கு நோய்களும் அவனுக்குப் பொருந்தும். அதனால்தான் படபடப்பு இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அந்தப் படபடப்பு எதைப் பற்றியது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வேறுபாட்டைத்தான் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கத் தவறுகிறோம். பதற்றம் என்றால் பயம் என்று எல்லோருக்கும் தெரியும். பிடிஎஸ்டியில் பயம் முன்னால் நிற்காமலே போகலாம். குற்றவுணர்வு, வெட்கம், கோபம், உணர்ச்சி மரத்துப்போதல் ஆகியவையே மேலோங்கி இருக்கலாம். நிகழ்ச்சியின்போது கடும் அச்சமோ கையறுநிலையோ திகிலோ ஏற்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கையேடு முன்பு விதித்திருந்த நிபந்தனையே 2013இல் நீக்கப்பட்டது. தம்பி எங்களிடம் காட்டியது எரிச்சல். கதவைச் சற்றுப் பலமாகச் சாத்தினால் கத்துவான். பிறகு நாள் முழுக்கப் பேசமாட்டான். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னால் கையை எடுத்துக்கொள்வான். வீட்டுப் பெரியவர்கள் ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்றார்கள். சொன்னவர்கள் அன்பில்தான் சொன்னார்கள், ஆனால் அந்தப் பழமொழி இருட்டைப் பற்றிப் பேசுகிறதே தவிர, அவன் எதைக் கண்டு அரண்டான் என்று கேட்பதில்லை. அவன் அரண்டது தன்னைக் கண்டே என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கவிழ்ந்து கிடந்த பேருந்தின் சன்னல் வழியாக ஏறி வெளியே வந்தபோது, உள்ளே இருந்து யாரோ “அண்ணா, அண்ணா” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவன் திரும்பவில்லை. அந்தக் குரலுக்கு உரியவர் பிழைக்கவில்லை. 2 ஆண்டுகள் பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டவனின் உள்ளே இருந்தது இதுதான்.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் செய்தித்தாள்கள் எதிர்த்திசையிலும் தவறுவதுண்டு. பேரதிர்ச்சியைச் சந்தித்தவர்கள் எல்லோரும் நோயாளிகள் ஆவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது அத்தகைய நிகழ்ச்சியைச் சந்திக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே பிடிஎஸ்டி உண்டாகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடையே இந்த விகிதம் மிகவும் கூடுதல். விபத்து நடந்த முதல் வாரத்தில் கெட்ட கனவு வருவதும், திடுக்கிடுவதும், அழுவதும் நோயல்ல. அமெரிக்கக் கையேட்டின்படி அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பிடிஎஸ்டி என்ற பேச்சே எழும்; அதற்கு முன், 3 நாள் முதல் ஒரு மாதம் வரை கடுமையாக இருந்தால் அதற்கு உடனடி நெருக்கடிக் கோளாறு என்று வேறு பெயர். சிலருக்கு நோயின் முழு வடிவம் 6 மாதங்களுக்குப் பிறகும் வெளிப்படலாம். ஆகவே ஒரு விபத்துச் செய்தியின் கீழேயே, பிழைத்தவர்கள் அனைவரும் மனநலம் குன்றியவர்களாகிவிட்டதாக எழுதுவதும் தவறு, ஓராண்டு கழித்து வாடுகிறவரைப் பார்த்து இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பதும் தவறு.

வேறுபாட்டை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குச் சிகிச்சையே காரணம். செர்ட்ராலின் போன்ற சில மாத்திரைகள் இரு பக்கமும் பயன்படுகின்றன, அதை மறுக்கவில்லை. மூச்சுப் பயிற்சியும் உடம்பைத் தணிக்கும். ஆனால் படபடப்பை உடனே அடக்கும் அல்பிரசோலம், குளோனசெபாம் வகை மாத்திரைகளை, பதற்றத்துக்குத் தருவதைப் போலவே பேரதிர்ச்சிக்கு ஆளானவருக்கும் தரும் வழக்கத்தை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. நிகழ்ச்சி நடந்த முதல் மாதத்தில் அதிர்ச்சியின் அறிகுறிகளுக்காக அவற்றைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. (இதைப் படிக்கும் யாரும் தாங்கள் சாப்பிடும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம் கேளுங்கள்.)

பிடிஎஸ்டிக்கு முதன்மையான சிகிச்சை பேச்சுதான், அதுவும் அந்த நிகழ்ச்சியையே நேராகத் தொடும் பேச்சு. உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த நீடித்த எதிர்கொள்ளல் முறை, உளவியலாளர் பட்ரீசியா ரெசிக் வகுத்த எண்ணச் சீராய்வு முறை, கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் முறை என்று இதில் பல உண்டு. பதற்ற நோய்களிலும் எதிர்கொள்ளல் இருக்கிறது: நாய்க்கு அஞ்சுகிறவரைப் படிப்படியாக நாயின் அருகே கொண்டுசெல்வார்கள், பீதி நோய் உள்ளவரைப் படியேறச் சொல்லிப் படபடப்பை வரவழைத்து, அதனால் உயிர் போகாது என்று உடம்புக்கே காட்டுவார்கள். பிடிஎஸ்டியில் முதன்மையாக எதிர்கொள்ள வேண்டியது நினைவு. தவிர்த்துவந்த இடங்களுக்கும் படிப்படியாகப் போகச் சொல்வதுண்டு, ஆனால் ஆபத்து வெளியே முடிந்துவிட்டது, உள்ளேதான் இன்னும் இருக்கிறது.

தம்பிக்குக் கிடைத்த உளவியல் சிகிச்சையாளர் முதல் நாளே, “உங்களுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கலாமா?” என்றாராம். அதைக் கேட்பதற்கு ஓர் ஆள் வர 2 ஆண்டுகள் ஆயின. வாரம் ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 12 அமர்வுகள். கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும்: பேருந்து சாய்கிறது, கண்ணாடி உடைகிறது, குரல் கேட்கிறது. அதை ஒலிப்பதிவு செய்து கொடுத்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார்கள். முதல் 3 வாரம் எங்களுக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. இது சிகிச்சையா சித்திரவதையா என்று நான் நினைத்ததுண்டு. ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, சொல்லிக்கொண்டே வந்தவன் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான்: சன்னலில் ஏறும்போது வலது கையைத் தூக்க முடியவில்லை, இடது கையால் மட்டும் தொற்றி ஏறினேன் என்று. விபத்து நாளின் மருத்துவச் சீட்டைத் தேடி எடுத்தோம். வலது தோள் மூட்டு விலகியிருந்ததாக அதில் எழுதியிருந்தது. அவனே மறந்திருந்தான், நாங்களும் அதை வெறும் காயமாகவே நினைத்திருந்தோம். அன்று அவன் திரும்பிப் பார்த்திருந்தாலும் யாரையும் தூக்கியிருக்க முடியாது. இதை யார் ஆறுதலாகச் சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருக்கமாட்டான். தன் வாயாலேயே சொல்லித் தன் காதாலேயே கேட்டதால் நம்பினான். அதற்கடுத்த வாரங்களில், அமர்வுக்கு வெளியே எங்களிடம் பேசும்போது, பேருந்து சாய்ந்தது என்று இறந்தகாலத்தில் சொல்லத் தொடங்கினான்.

அவன் இன்று முழுவதும் குணமாகிவிட்டான் என்று எழுதமாட்டேன். நீண்ட பேருந்துப் பயணம் இன்னும் கடினம்தான். ஆனால் குக்கர் சீறினால் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தைப் புரட்டுகிறான்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது சொற்களைப் பற்றியது. நம் செய்தித்தாள்களில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் அலுவலக நெருக்கடிக்கும் மனச்சோர்வு நோய்க்கும் பிடிஎஸ்டிக்கும் மாறி மாறி வருகிறது. ‘அதிர்ச்சி’ என்ற சொல்லோ விளையாட்டுத் தோல்வி வரை போய்விட்டது. மனச்சோர்வை மனச்சோர்வு என்றும், பதற்ற நோயைப் பதற்ற நோய் என்றும், இந்நோயைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்றும், நீளம் கருதாமல் எழுதினால், படிக்கிறவர் மருத்துவரிடம் போகும்போது சரியான சொல்லோடு போவார். எங்கள் வீட்டில் அந்தச் சொல் இருந்திருந்தால் நாங்களே கேட்டிருப்போம்.

இரண்டாவது, விபத்தும் பேரிடரும் நிகழும் இடங்களுக்குச் செல்லும் செய்தியாளர்களைப் பற்றியது. நினைவைச் சொல்வதுதான் சிகிச்சை என்று மேலே எழுதியதால், பிழைத்தவரை அன்றே ஒலிவாங்கியின் முன் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லவைப்பது நல்லது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரே அமர்வில் முழுவதையும் கொட்டவைக்கும் முறையை மனநலத் துறையே முயன்று பார்த்தது. அது நோயைத் தடுக்கவில்லை என்று கண்டு கைவிடும்படி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. முதல் நாள்களில் தேவை பாதுகாப்பான இடம், உறவினருக்குத் தகவல், பக்கத்தில் ஓர் ஆள், அவராக விரும்பினால் கேட்பதற்கு ஒரு காது. தம்பியிடமும் விபத்து நடந்த அன்று மாலையே கைப்பேசியை நீட்டி ஒருவர் கேட்டார், “அந்த நேரத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று. அக்கேள்வியும் சிகிச்சையாளர் கேட்ட கேள்வியும் ஏறத்தாழ ஒரே சொற்களால் ஆனவை. ஒருவர் அனுமதி கேட்டுவிட்டு, பதிலுக்காக 12 வாரம் காத்திருந்தார்.

அந்தக் கட்டுரையின் ஐந்தாவது பத்தியை மட்டுமாவது திருத்தி, தகுதியுள்ள மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி